ஊரும் ஆறும் கழிவுநீரும்

ஆனைமலைத் தொடரின் அடிவாரத்திலே, பாலக்காட்டைச் சேர்ந்த சிற்றூர் என்னும் ஊரின் ஓரமாக ஓர் ஆறு செல்கின்றது. சிற்றூர்ப்புழை என்றும் கண்ணாடிப்புழை என்றும் அதனை மக்கள் வழங்குவர். அதற்குச் சோகநாசினி என்றும் ஒரு பெயர் உண்டு. துயரைத் துடைப்பவள் என்பது அப்பெயரின் பொருள். மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்பெறும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தை இவ்வாற்றங்கரையில் கழித்தார் என்பது மரபு. அதே மலைத்தொடரின் தென்பகுதியில், இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த மூணாற்றில், முதிரப்புழை, குண்டளை ஆறு ஆகியவற்றோடு மூன்றாவதாக வந்து கூடும் ஆற்றுக்கு நல்லதண்ணி என்று பெயர். இதற்கு உரை வேண்டுவதில்லை. தமிழ் அறிந்த சிறு குழந்தையும் பொருள் கூறும்.

முன்னோர் ஆறுகளுக்கு இத்தகைய பெயர்களை வீணாக இட்டாரல்லர். இப்பெயர்கள் பொய்யாகாமல் இருப்பதற்கு ஊரார் செய்யவேண்டுவது யாது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். அதன் விடை, அழகற்றதும் பலர் பேசக் கூசுவதுமான ஓரிடத்தில் கிடைக்கின்றது. அதுவே கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம். அந்நிலையம் தோன்றிய வரலாறு, ஒருவகையில், மேட்டூரார் பள்ளத்தூராரைத் தம் அண்டை வீட்டாராக எண்ணக் கற்றுக்கொண்ட வரலாறேயாகும்.

இப்பகுதியின் நில அமைப்பை முதலில் நினைவிற் கொள்வோம். பொள்ளாச்சிப் பக்கமாக ஓடிவரும் ஆழியாறு எல்லை கடந்து சிற்றூர்ப்புழையாகின்றது. அது பறளி என்னுமிடத்திலே கல்பாத்திப்புழையோடு கலந்து பாரதப்புழையாகி, 209 கிலோமீட்டர் நீளம் கொண்ட பேராறாய்ப் பொன்னானியிற் கடலை அடைகின்றது. அவ்வாற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு ஏறத்தாழ 6,186 சதுர கிலோமீட்டர். அதில் 1,786 சதுர கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் எஞ்சிய 4,400 சதுர கிலோமீட்டர் கேரளத்திலும் உள்ளன. மூணாற்று நீரோ முதிரப்புழையாய் இறங்கி, 1940ஆம் ஆண்டு முதல் பள்ளிவாசலில் மின்சாரத்தை ஆக்கித் தந்து, பெரியாற்றிற் கலந்து, ஆலுவாயின் வழியே சென்று கொச்சி மாநகருக்குக் குடிநீராகின்றது. ஆகவே மேலே ஓரூரார் தம் வீட்டு வாசலிற் கொட்டுவதைக் கீழே வேறோரூரார் குடத்தில் முகக்கின்றனர். இரண்டு ஊர்களுக்கும் இடையே மாவட்ட எல்லையும், சில இடங்களில் மாநில எல்லையும் உண்டு. தண்ணீருக்கு அவ்வெல்லைகள் தெரியா.

கழிவுநீரை ஊரைவிட்டு வெளியேற்றும் கலை மிகப் பழமையானது. மொகஞ்சதாரோவிலே நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செங்கல்லால் மூடிய சாக்கடைகள் இருந்தன. ஆயினும் வெளியேற்றுவது வேறு, தூய்மை செய்வது வேறு. முன்னது பண்டைக் கலை. பின்னது நேற்றுப் பிறந்தது. பழைய நாளில் பின்னதற்குத் தேவை எழவில்லை. குடிகள் குறைவு, அவர்கள் செலவிடும் நீரும் குறைவு. ஊர்க்கழிவு வயலிலும் தோப்பிலும் மண்ணாயிற்று. சிறிதளவு ஆற்றிற் சேர்ந்தால் ஆறே அதனைச் செரித்துக்கொண்டது.

ஆறு எவ்வாறு செரிக்கின்றது? ஆற்றுநீரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. கழிவுப் பொருள் அவற்றுக்கு உணவு. அவ்வுணவை உண்ணும்போது அவை நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவை உட்கொள்கின்றன. நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய ஆற்றுநீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். மீனும் நண்டும் உயிர்ப்பது அதனாலேதான். வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் கடனில் மூழ்குவதுபோல, கழிவு மிகுந்தால் அந்த 8 மில்லிகிராமும் தீர்ந்துபோகும். பின்னர் பிராணவாயு வேண்டாத வேறுவகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, நீரைக் கறுக்கச் செய்து, துர்நாற்றத்தைப் பரப்பும். ஆறு இறந்தது என்று நாம் சொல்வது இந்நிலையையே.

இதனைச் சிறு கணக்காற் காண்போம். ஐம்பதாயிரம் மக்கள் வாழும் ஒரு சிறு நகரை எண்ணிக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்கினால், அதில் பத்தில் எட்டுப் பங்கு கழிவுநீராகத் திரும்பும். அஃதாவது நாளொன்றுக்கு 54 லட்சம் லிட்டர். வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரின் பிராணவாயுத் தேவை பெரும்பாலும் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். 240 என்றே வைத்துக்கொண்டால், கழிவுநீர் ஒரு லிட்டர், ஆற்றுநீர் முப்பது லிட்டரிலுள்ள பிராணவாயு முழுவதையும் உண்டுவிடும். நகரம் முழுவதற்கும் கணக்கிட்டால் நாள்தோறும் பதினாறு கோடி லிட்டர் ஆற்றுநீர் தன் உயிர்ப்பை இழக்கும். காற்றிலிருந்து ஆறு பிராணவாயுவை மீண்டும் ஓரளவு பெற்றுக்கொள்ளும் என்பது மெய்யே. ஆகையால் இது பருமட்டான கணக்கு. எனினும் கோடையில் மணற்படுகையின் நடுவே நூல்போல் ஓடும் பாரதப்புழையைக் கண்டவர், இக்கணக்கின் கொடுமையை உணர்வர்.

அதே கழிவுநீரை நிலையத்திற் சுத்தி செய்து, லிட்டருக்கு 30 மில்லிகிராம் தேவை என்னும் அளவுக்குக் குறைத்துவிட்டால், முப்பது லிட்டர் என்றது நான்கு லிட்டருக்கும் குறைந்துவிடும். 10 மில்லிகிராமாகக் குறைத்தால் ஒன்றேகால் லிட்டர் போதும். ஒரு சிறு நகரத்தின் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றுக்குச் செய்யும் உபகாரம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியுள்ளது.

இவ்வுண்மையை உலகம் எளிதிற் கற்கவில்லை. இலண்டன் மாநகரின் கதை இதற்குச் சான்று. 1854ஆம் ஆண்டில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், காலரா பரவுவது கெட்ட காற்றினாலன்று, கெட்ட நீரினால்தான் என்று ஒரு தெருக்குழாயைச் சுட்டிக் காட்டினார். 1858ஆம் ஆண்டுக் கோடையிலே தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் பாராளுமன்ற உறுப்பினர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டனர். அதன்பின் ஜோசப் பேசல்கெட் என்னும் பொறியாளர் பெருஞ்சாக்கடைகளை அமைத்தார். வியத்தகு வேலைதான்! ஆனால் அச்சாக்கடைகள் கழிவைச் சுத்தி செய்யவில்லை; நகருக்குக் கீழே சில மைல் தொலைவிற் கொண்டுபோய் நதியிலேயே கொட்டின. நகரத்தாருக்கு நாற்றம் போயிற்று. கீழேயுள்ளாருக்கு நாற்றம் வந்தது. 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், அக்கழிவு வாய்களுக்கு அருகே 'பிரின்சஸ் ஆலிஸ்' என்னும் உல்லாசக் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் விழுந்தது நதிநீரிலா, சாக்கடை நீரிலா என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதன் பின்னரே அரசாங்கம் விசாரணைக்குழு அமைத்தது. கசட்டைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு வந்தது. அப்போதும், 1887 முதல் 1998 வரை, அக்கசட்டைக் கப்பலேற்றிக் கடலிற் கொட்டினர். தொல்லையைத் தொலைவுக்குத் தள்ளுவதே தீர்வு என்னும் எண்ணம் அவ்வளவு உறுதியானது.

நிலத்திற் பாய்ச்சுவது அடுத்த வழி. நம் நாட்டிலும் இது கையாளப்பட்டது. மதுரை நகரின் கழிவுநீர் 1924 முதல் அவனியாபுரத்துப் பண்ணையிற் புல்வளர்க்கப் பயன்பட்டது. திருவனந்தபுரத்துப் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1945இல் செயற்பட்டபோது வலியதுறையிலே அத்தகைய புற்பண்ணை ஒன்று அமைந்தது. மாட்டுக்குத் தீவனமும் மண்ணுக்கு உரமும் கிடைத்தன. ஆனால் நகரம் வளர வளர நிலம் போதவில்லை. திருவனந்தபுரத்தில் முட்டத்தறையிலே நாளொன்றுக்கு 107 மில்லியன் லிட்டர் நீரைச் சுத்தி செய்யும் நிலையம் 2013இல் செயற்படலாயிற்று.

இயற்கை ஆற்றிற் பல நாட்களிற் செய்யும் வேலையைத் தொட்டியிற் சில மணி நேரத்திற் செய்விக்கலாம் என்று கண்டதே மூன்றாவது படி. கில்பர்ட் ஃபவுலர் என்னும் இங்கிலாந்து வேதியலறிஞர் 1912இல் அமெரிக்கா சென்றபோது, மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திச் சோதிப்பதைக் கண்டார். திரும்பிவந்து மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவரை அவ்வழியில் ஆராயத் தூண்டினார். அவர்கள் செய்த புதுமை எளியது. காற்றூட்டியபின் அடியில் தங்கும் மண்டியை, மற்றவர்கள்போல் எறிந்துவிடாமல், அதன்மீதே புதிய கழிவுநீரை மீண்டும் மீண்டும் ஊற்றினர். முதல் முறை வாரக்கணக்கில் ஆன வேலை, பின்னர் ஒரு நாளுக்குள் முடிந்தது. நம் வீட்டுப் பெண்கள் பாலில் சிறிது பழைய மோரைப் பிரையாக இட்டு உறையவைப்பது போன்றதே இது. 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அவர்கள் படித்த கட்டுரையிலிருந்து இன்றைய நிலையங்களிற் பெரும்பாலானவை பிறந்தன எனலாம். ஃபவுலரோ 1916இல் பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார். ஆகவே இக்கலை பிறந்த சில ஆண்டுகளிலேயே அதன் ஆசிரியர் நம் வாசலுக்கு வந்துவிட்டார். நாமே காலம் தாழ்த்தினோம்.

இத்தகைய நிலையத்திற்குள் நுழைந்து பார்ப்போம். முதலில் இரும்புக் கம்பித் தடுப்பு; துணியும் நெகிழிப் பையும் குச்சியும் அங்கே சிக்கிக்கொள்ளும். அடுத்து நீர் மெதுவாகச் செல்லும் வாய்க்கால். மணல் அங்கே படியும். அடுத்தது காற்றூட்டும் தொட்டி, நீர் அதில் குமிழியிட்டுக் கொதிப்பதுபோல் தோன்றும், கொதிப்பன்று, உயிர்ப்பு. பின்னர் அமைதியான வட்டத் தொட்டி; நுண்ணுயிர்த் திரள் அடியிற் படிய, தெளிந்த நீர் விளிம்பில் வழியும். படிந்ததில் ஒரு பகுதி பிரையாக மீண்டும் காற்றுத் தொட்டிக்குச் செல்லும், மிஞ்சியது உலர்த்தப்படும். தெளிந்த நீரில் குளோரின் முதலியன கலந்து நோய்க்கிருமிகளைக் கொன்றபின் வெளிவிடுவர். மின்சாரம் நின்றால் காற்று நிற்கும். காற்று நின்றால் நுண்ணுயிர் மடியும். ஆகவே நிலையம் என்பது கட்டி முடித்துத் திறப்புவிழா நடத்திப் பூட்டிவிடும் கட்டடமன்று. பசுவைப்போல் நாள்தோறும் பேணவேண்டிய உயிர்.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கருதவேண்டும். எவ்வளவு தூய்மை செய்தால் போதும்? 1912இல் பிரிட்டனின் அரச ஆணைக்குழு ஓர் அளவுகோலை வகுத்தது: பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராம், மிதக்கும் துகள் 30 மில்லிகிராம். அவ்விதியோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: வெளிவிடும் நீரைப்போல் எட்டு மடங்கு தூய நீராவது ஆற்றில் ஓடவேண்டும். ஆண்டு முழுவதும் மழை பெறும் நாட்டுக்கு அது பொருந்தும். நம் ஆறுகளோ, ஆனியிலும் ஆடியிலும் கரைபுரண்டு, மாசியிலும் பங்குனியிலும் மணலாய்க் கிடப்பவை. எட்டு மடங்கு எங்கே கிடைக்கும்? சில இடங்களிற் கோடையில் ஆறு என்று ஓடுவதே ஊர்க் கழிவுநீராக இருக்கும். நீராடத் தகுந்த ஆற்றுநீரின் பிராணவாயுத் தேவை 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு விதி. 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கை, பெருநகரங்களுக்கு 20 என்றும் மற்ற ஊர்களுக்கு 30 என்றும் அளவு வைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் 10 என்று கட்டளையிட்டது. சிறிய ஊருக்குத் தளர்ந்த விதி என்பது பணத்தை நோக்கிய கணக்கு. வறண்ட ஆற்றை நோக்கினால், சிறிய ஊருக்கே கடுமையான விதி வேண்டும் என்று நமக்குத் தோன்றுகின்றது.

சிறு நகரங்களிற் பாதாளச் சாக்கடை இல்லாத இடமே மிகுதி. அங்கே வீடுதோறும் செப்டிக் தொட்டி. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரன் 1895ஆம் ஆண்டளவில் அமைத்துப் பெயரிட்டது அது. அதற்கு முன் நம் நகரங்களில் மனிதர் மலத்தை மனிதரே தலையிலும் வண்டியிலும் சுமந்தனர். ஆலப்புழைத் தோட்டிகளின் அவலத்தைத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் நாவலாக்கினார். சுந்தர ராமசாமி அதனைத் 'தோட்டியின் மகன்' எனத் தமிழாக்கினார். 1993லும் 2013லும் அத்தொழிலைத் தடுக்கச் சட்டங்கள் வந்தன. ஆயினும் தொட்டிக்குள் இறங்கி நச்சுவாயுவால் மாளும் தொழிலாளர் பற்றிய செய்தி இன்னும் நின்றபாடில்லை. தொட்டியிலிருந்து லாரி உறிஞ்சிச் செல்லும் மலக்கசடு எங்கே போகின்றது? நிலையம் இல்லாவிடில், இருட்டில், ஏதேனும் ஓடையில். கழிவுநீரைக் காட்டிலும் பன்மடங்கு செறிவுடையது அக்கசடு. ஒரு லாரிச் சுமை ஒரு சிற்றோடையைக் கொல்ல வல்லது.

இதற்கும் வழி பிறந்துவிட்டது. பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியில் 2015லும், தமிழ்நாட்டில் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூரில் 2017லும் மலக்கசட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கருங்குழி நிலையம் நாளொன்றுக்கு இருபத்துமூவாயிரம் லிட்டருக்குச் சற்று மிகுதியான கசட்டை ஏற்கவல்லது. அண்டையிலுள்ள மதுராந்தகத்தின் கசடும் அங்கே வருமாறு திட்டமிட்டனர். பெரும் பொறிகள் வேண்டாமல், கசட்டை மணற்படுகையில் உலர்த்தி, வடிநீரைத் தனியே சுத்தி செய்யும் எளிய முறைகளால் இத்தகைய நிலையங்கள் இயங்கக்கூடும். இரண்டு சிற்றூர்கள் சேர்ந்து ஒரு நிலையத்தைப் பேணலாம் என்பதே நம் மலையடிவார ஊர்கள் கற்கத்தக்க பாடம்.

பணமில்லை என்னும் விடையை நகரசபைகள் எப்போதும் கூறுவதுண்டு. அதற்கு மறுவிடை கூறியவர் பாலக்காட்டு மண்ணைச் சேர்ந்தவரே என்பது மகிழத்தக்கது. வைத்தியநாதபுரத்திற் பிறந்து, 1957இல் கேரள அமைச்சராய் நீர்ப்பாசனம், சட்டம் முதலிய துறைகளை நடத்தி, பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியான வி. ஆர். கிருஷ்ணய்யர், 1980இல் மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரசபையின் வழக்கை விசாரித்தார். திறந்த சாக்கடையின் நாற்றம் பொறாத தெருவாசிகள் மாஜிஸ்டிரேட்டிடம் முறையிட்டிருந்தனர். நகரசபை கையிற் பொருளில்லை என்றது. பொருளில்லாமை, மக்களின் சுகாதாரத்தைப் பேணும் கடமையிலிருந்து தப்பும் வழியாகாது என்று அவர் தீர்ப்பளித்தார். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. கேரளம் அவ்வாண்டிலேயே தன் வாரியத்தை அமைத்தது. தமிழ்நாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. ஒரே ஆற்றின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் காவல் வெவ்வேறு காலத்தில் வந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நிலையம் வேண்டும் என்பார் பலர். எம் தெருவில் வேண்டாம் என்பாரும் அவரே. கோழிக்கோட்டு ஆவிக்கல் தோட்டில் 2022இல் எழுந்த கிளர்ச்சி பலருக்கும் நினைவிருக்கலாம். அத்தகைய அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. பேணாத நிலையம் நாறும். ஏமாந்த மக்கள் ஐயுறுவர். பாதுகாப்பின் சுமை எப்போதும் ஏழையரின் குடியிருப்புக்கே வந்து விழுவதும் நீதியன்று. வெளிவிடும் நீரின் அளவீட்டை நாள்தோறும் வாயிலிற் பலகையில் எழுதிவைப்பதும், ஊராரை உள்ளே அழைத்துக் காட்டுவதும், கண்காணிப்பில் அவர்க்கும் இடமளிப்பதுமே ஐயம் தீர்க்கும் மருந்து.

பறம்பிக்குளம் ஆழியாறு உடன்படிக்கை 1970இல் கையெழுத்தாயிற்று. அதன்படி ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு விடவேண்டும். எத்தனை கன அடி என்று இரு மாநிலத்தாரும் அங்கே விழிப்போடு கணக்குப் பார்க்கின்றனர், அது வேண்டியதே. அந்நீரின் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பதையும் அதே விழிப்போடு இருவரும் சேர்ந்து பார்க்கும் நாள் வரவேண்டும். மூணாற்றிலோ கணக்கு வேறு. அங்கே ஊர்க்குடிகளைவிட வந்துபோகும் விருந்தினர் கூட்டம் விடுமுறைதோறும் பெருகும். சரிவான மலையில் கழிவு நிற்பதில்லை. மழையோடு நேரே ஆற்றில் இறங்கும். ஆகையால் அறைக்கு வாடகை பெறும் ஒவ்வொரு விடுதியும், தன் கழிவுநீருக்கும் கணக்குக் காட்டவேண்டும்.

நாம் ஆற்றிலிருந்து நீரைக் கடனாகவே பெறுகின்றோம். வாங்கியவாறே திருப்பித் தர இயலாவிடினும், அடுத்த ஊரார் அஞ்சாமல் வாங்கிக்கொள்ளும் நிலையிலேனும் தரவேண்டும். சிற்றூரின் படித்துறையில் நின்று நீரை அள்ளுபவர், பொள்ளாச்சியில் வாழும் யாரையும் கண்டிருக்கமாட்டார். ஆலுவாயில் குழாயைத் திறப்பவருக்கு மூணாறு என்பது ஒருமுறை சென்றுவந்த குளிர்ந்த ஊர். ஆயினும் அவர்களுடைய குழந்தைகளின் உடல்நலம், மேலேயுள்ள ஏதோ ஒரு சிறு நகரத்தில், நள்ளிரவிலும் காற்றூட்டும் பொறி நிற்காமல் ஓடுகின்றதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளியின் கையில் இருக்கின்றது. அவருக்கு உரிய ஊதியத்தையும், பொறிக்கு உரிய மின்சாரத்தையும், நிலையத்திற்கு உரிய மதிப்பையும் தரும் ஊரிலேதான் நல்லதண்ணி என்னும் பெயர் நிலைக்கும்.